தேரிக்குள் ஒரு மொட்டைப்பனை

செம்மணல் மேடுகளான தேரிக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே பட்டுக்கனிக்கு இரண்டு சந்தேகங்கள் வந்துவிட்டன. குடை கொண்டுவந்திருக்கலாமோ? இல்லை, இந்தக் காற்றில் கொண்டுவராததுதான் நல்லதோ? பதினெட்டு வயதாகியும், இட்லியா தோசையா என்று கேட்டால் பக்கத்து இலையை எட்டிப் பார்க்கிற பெண் அவள். அவளை நம்பி யாரும் புதையல் தேடக் கிளம்ப மாட்டார்கள். அண்ணன் சுயம்புலிங்கமும் அவளை நம்பிக் கிளம்பவில்லை. தண்ணீர்க் கேன் தூக்க ஆள் வேண்டுமே என்றுதான் கூட்டி வந்தான்.

மூன்றாவது ஆள் இசக்கியம்மாள், அவர்களுடைய தாய்மாமன் மகள். தையல் வகுப்புக்குப் போவதாக வீட்டில் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சுயம்புவுக்கும் அவளுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை வேறொரு மாப்பிள்ளையோடு அவளுக்கு நிச்சயதார்த்தம்.

எல்லாம் ஒரு மணியால் வந்த வினை. தேரிக்குள் இருக்கும் சாஸ்தா கோயில் இரண்டு வீட்டாருக்கும் பொது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஊர் ஊராகக் கோயில் மணிகள் களவு போனபோது, பட்டுக்கனியின் அப்பாவழித் தாத்தா வெண்கல மணியைக் கழற்றி எங்கோ ஒளித்து வைத்தார். இடத்தைச் சொல்வதற்குள் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். 'வித்துத் தின்னுட்டாரு' என்றார் மாமா. அன்று முறிந்தது உறவு. பட்டுக்கனிக்குக் காது குத்தும்போது மடி கொடுக்கக்கூட அவர் வரவில்லை. "மணி வரட்டும், அப்புறம் பொண்ணு கேளுங்க" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

போன வாரம் பழைய சாமி படம் ஒன்றைத் துடைக்கும்போது சட்டம் கழன்று, பின்னாலிருந்து தாத்தாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு விழுந்தது. 'கோயிலுக்கு மேற்கே, எல்லாத்திலும் உசந்த மொட்டைப்பனை. அதன் தலையில் மணி.'

மொட்டைப்பனை என்றால் தலை போன பனை. மேலிருந்து உள்ளே உளுத்துக் குழாயாகிவிடும். பனையேறியான தாத்தாவுக்கு அதைவிட நல்ல பெட்டகம் எங்கே கிடைக்கும்?

கோயிலைக் கும்பிட்டுவிட்டு மூவரும் மேற்கே நடந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல். ஒரு மேட்டில் ஏறியபோது, ஓலை தரையைக் கூட்டும்படி ஒரு பனை நின்றது. நுங்குக் குலை இடுப்புயரத்தில் தொங்கியது. சுயம்பு உட்கார்ந்தபடியே வெட்டினான்.

"சோம்பேறிக்குன்னே வளந்த மரம்" என்றாள் இசக்கி.

அங்கிருந்து பத்தடி நகர்ந்திருப்பார்கள், மணலில் துருத்தி நின்ற ஒரு கட்டையில் பட்டுக்கனி காலை இடித்துக்கொண்டாள். நகம் பெயர்ந்தது. செருப்பின் நீல வார் பிய்ந்தது.

"கண்ணு எங்கட்டி இருக்கு?" என்றான் அண்ணன்.

செருப்பை அங்கேயே போட்டுவிட்டு, இசக்கியின் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டாள். நடக்கும்போது அந்தக் கட்டையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மனசுக்குள் ஏதோ முட்டியது. என்னவென்று புரியவில்லை. வழக்கம்போல் விட்டுவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்து, பள்ளத்தில் நெடுநெடுவென்று ஒரு மொட்டைப்பனை தெரிந்தது. சுயம்புவின் முகம் மலர்ந்தது. இடுப்பிலிருந்து பனையேறும் தளைநாரை எடுத்துக் காலில் மாட்டினான். அந்த நேரம் பார்த்து ஆனிக் காற்று கிளம்பியது.

"ஏறாதண்ணே" என்றாள் பட்டுக்கனி.

"ஏன்?"

"தெரியல. வயித்துக்குள்ள என்னமோ வேண்டாங்குது."

"அது காலைல தின்ன கருவாடு."

மற்ற நாளென்றால் அவளும் சிரித்துவிட்டு ஒதுங்கியிருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. வந்த வழியைப் பார்த்தாள். காற்று அவர்களுடைய காலடிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஏறி இறங்குவதற்குள் தடம் முழுக்க அழிந்துவிடும். அப்புறம் இந்த மணலில் அந்தக் கட்டையைச் சாஸ்தாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. திரும்பிப் போனாலோ, காற்று வலுத்துவிடும். இந்தப் பனையில் ஏற முடியாது. கேனில் ஆளுக்கு இரண்டு மடக்குத் தண்ணீர்தான் மிச்சம். ஏதாவது ஒன்றுதான்.

"இது இல்லண்ணே. நான் இடிச்சுக்கிட்டேம்லா, அந்தக் கட்டை."

"அது முழங்கால் உசரம்ட்டி. சீட்டுல உசந்த பனைன்னு எழுதிருக்கு."

"நீ உக்காந்தே நுங்கு வெட்டுனியே, அது குட்டைப் பனையா?" கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கே புரிந்தது. "மணலுல்லா ஏறிருக்கு! அது கட்டை இல்லண்ணே. பனையோட தலை."

சுயம்பு கொஞ்சம் தடுமாறினான். "நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா நான் அங்கதான் போறேன்."

நொண்டியபடி நடந்தாள். உள்ளே பேசுகிற குரல் அப்படித்தான்; காரணம் கேட்டால் திக்கும், நடக்கத் தொடங்கினால்தான் அதற்கு வாய் வரும்.

"கல்யாணம் எனக்கு. நான் பட்டு பின்னால போறேன் அத்தான்" என்று இசக்கியும் கிளம்பினாள். கல்யாணம் தனக்கும்தான் என்பது நினைவுக்கு வந்து, சுயம்பு தளைநாரைக் கழற்றிக்கொண்டு ஓடினான்.

பாதி வழியில் தடம் அற்றுப்போனது. நாலாபக்கமும் ஒரே மாதிரி மேடுகள். இசக்கியின் கண் கலங்கிவிட்டது. பட்டுக்கனிக்கும் அழுகை முட்டியது. அண்ணன் முகத்தைப் பார்க்கப் போனவள், பார்க்காமல் இடப்பக்கம் இருந்த மேட்டில் ஏறினாள். ஏறிய பிறகுதான் நுங்கு வெட்டிய பனையின் ஓலை தெரிந்தது. அதற்கப்பால், மணலுக்கு வெளியே ஒரு விரல் நீளத்துக்கு நீல வார்.

மூன்று பேரும் முட்டிபோட்டுத் தோண்டினார்கள். கட்டையின் வட்ட விளிம்பு தெரிந்தது. நடுவே குழி, குழி நிறைய மணல். அள்ள அள்ள ஆழம் போனது. சுயம்பு தோள்வரை கையை விட்டுத் துழாவினான். உள்ளே எதுவோ இடறி, தொண்டை கட்டியவன் பேசுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

சாக்கில் சுற்றிய வெண்கல மணி!

இசக்கி அதை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். "எங்க தாத்தா களவாணி இல்ல மைனி" என்று பட்டுக்கனியும் அழுதாள். சுயம்பு மட்டும், கண்ணில் மணல் விழுந்துவிட்டதாகச் சொன்னான்.

பொழுது சாயும்போது மாமா வீட்டு வாசலில் மணியை வைத்தார்கள். விளிம்பில் இரண்டு வீட்டுப் பெயரும் வெட்டியிருந்ததை மாமா தடவிப் பார்த்தார்.

"அந்த மனுசன நான் பேசாத பேச்சில்ல" என்றார். "நிச்சயம் வெள்ளிக்கிழமைதான். மாப்பிள்ளைதான் சுயம்பு. பேசி வச்ச மாப்பிள்ள வீட்டுக்கு நானே போயி, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிக்கிடுதேன்."

பிறகு பட்டுக்கனியின் பக்கம் திரும்பி, அவள் காதைத் தொட்டார். "இது குத்தும்போது நான் வரலியே புள்ள. கம்மலா, சங்கிலியா, என்ன வேணும்? கேளு."

"போச்சு. இனி விடிய விடிய யோசிப்பா" என்று முனகினான் சுயம்பு.

பட்டுக்கனி யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடுங்க மாமா. இப்பவே."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "பாக்கியம் கருவாட்டுக் கொழம்பு வச்சிருப்பாளா?" என்று தங்கை பெயரை இருபது வருஷத்துக்குப் பிறகு சொன்னார். படியிறங்கியவரின் கண் பட்டுக்கனியின் துணி சுற்றிய காலில் விழுந்தது. தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு தெருவில் இறங்கி நடந்தார்.