இருளாயி கட்டிய தாயத்து

காலை ஏழு மணிக்கே சமயநல்லூர் வீட்டில் கச்சேரி ஆரம்பமாகிவிட்டது. இட்லிச் சட்டி தண்ணீர் வற்றிக் கருகிக்கொண்டிருக்க, சுபலட்சுமி அடுப்படிச் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

"ஏண்டி, மகாராணி! பகல்ல நல்லா ஒறங்கு, ராவானா எம்புள்ளையப் போட்டு உலுக்கு! இன்னைல இருந்து அவன் என் ரூம்புல படுக்கட்டும். அந்த மெஷினையும் எடுத்துப்புடச் சொல்லப் போறேன்... அது வந்ததுல இருந்துதான் இம்புட்டும்!" என்றாள் மாமியார் இருளாயி.

சுபலட்சுமிக்குத் தூக்கம் பறந்துவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன்புதான் கணவன் வீரணனின் இடது நெஞ்சில், தோலுக்கடியில், அந்தச் சின்ன மெஷினை வைத்தார்கள். கழுத்து நரம்புக்கு அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மெல்லிய கரண்ட் கொடுக்கும். வாரம் தவறாமல் வந்த வலிப்பு, இப்போது எப்போதாவதுதான் வருகிறது. அவனைப் பார்த்துக்கொள்வதற்காகத் தல்லாகுளத்து வக்கீல் ஆபீஸ் வேலையையே விட்டவள் அவள். அந்த மெஷினை எடுப்பதா?

ஆனால் ஒரு விஷயத்தை அவள் மறைத்திருந்தாள். அது வந்த நாள் முதல், தூக்கத்தில் அவனுக்குக் குறட்டை ஏறும், சட்டென்று மூச்சு நின்றுவிடும்! அவள் பதறி உலுக்கி ஒருக்களித்துப் படுக்க வைப்பாள். சொன்னால் மெஷினைப் பிடுங்கச் சொல்வார்களே என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை.

"ரெண்டு நாளு ஆத்தா ரூம்புல படுக்குறேன் லட்சுமி... நீயும் கொஞ்சம் ஒறங்கு," என்றான் வீரணன். மெஷின் வைத்ததிலிருந்து குரல் கம்மியிருந்தது. பாத்திரம் விளக்கும் சாக்கில் அவள் அழுது தீர்த்தாள்.

மறுநாள் காலை இருளாயி வெற்றிக் களிப்போடு வெளியே வந்தாள். "பாத்தியாடி! ஒரு கொறட்டை உண்டா? அம்புட்டு நல்லா ஒறங்குனான் எம்புள்ள!"

அப்படியானால் குற்றம் தன்மேல்தானா? சுபலட்சுமி இடிந்துபோனாள். அப்போதுதான் குளிக்கப் போன வீரணன் சட்டையைக் கழற்றினான். மெஷின் இருந்த இடத்தின் மேல், கறுப்புக் கயிற்றில் ஒரு சிவப்புத் துணிப் பொட்டலம் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"என்ன அத்தை இது?"

"டாக்டரு குடுத்த காந்தம்தான். வலிப்பு வந்தா நெஞ்சுல ஒரு தடவை தேய்க்கச் சொன்னாருல்ல? எந்நேரமும் கெடந்தா இன்னும் நல்லதுதானேன்னு, பாண்டி கோயில்ல வச்சுக் கும்பிட்டுத் தாயத்தாக் கட்டிட்டேன்!"

"அய்யோ அத்தை! காந்தம் மேலயே கெடந்தா மெஷின் ஓடாதுன்னும் டாக்டரு சொன்னாருல்ல!" சொல்லும்போதே சுபலட்சுமிக்கு மூளையில் பளிச்சென்றது. மெஷின் நின்றது... மூச்சு நிற்கவில்லை! அழுகையும் சிரிப்புமாக அவள் தாயத்தை அவிழ்த்தாள். அன்றே மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சுபலட்சுமி எல்லாவற்றையும் டாக்டரிடம் கொட்டிவிட்டாள்.

டாக்டர் வீரணனை அங்கேயே தூங்க வைத்துப் பரிசோதித்தார். கரண்ட் வரும்போதுதான் மூச்சு தடைப்படுகிறது என்று தெரிந்தது. "மெஷினை எடுக்க வேண்டாம். கரண்ட் அளவைக் குறைச்சு, இடைவெளியைக் கூட்டி வைக்கிறேன்," என்றவர் இருளாயியைப் பார்த்தார். "நீங்க கட்டுன தாயத்தால வலிப்பே திரும்ப வந்திருக்கலாம்மா!" பிறகு சுபலட்சுமியிடம், "இத்தனை நாள் நீங்க இவரைத் திருப்பிப் படுக்க வச்சது நல்ல காரியம். ஆனா முதல் வாரமே எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

வெளியே வந்ததும் இருளாயி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அஞ்சு மாசமா ஒறங்காமக் கெடந்தியா தாயி? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா மெஷின எடுக்கச் சொல்லுவீகள்ல அத்தை..."

"சொல்லியிருப்பேன்தான்!" என்று அழுகைக்கு நடுவே ஒத்துக்கொண்டு, இருளாயி அவளை இறுக அணைத்துக்கொண்டாள்.

அளவை மாற்றிய மறு வாரம், காலை எட்டரை மணி. தண்ணீர் வற்றிக் கருகிய இட்லிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் இருளாயி. பக்கத்து வீட்டு சுந்தரவல்லி வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "என்னக்கா, மருமக இன்னும் எந்திரிக்கலையா?"

இருளாயி கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள்.

"மெதுவாப் பேசுடி! எம்மருமக ஒறங்குறா!"