இணைக்கப்பட்டது

கழற்றி எடுத்த வைஃபை கார்டு அஸ்ஃபியாவின் உள்ளங்கையில் இருந்தது. ஆனாலும் மடிக்கணினித் திரையின் மூலையில் வைஃபை குறி ஒவ்வொரு வளைவாக நிரம்பிக்கொண்டிருந்தது.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய மடிக்கணினி. மதியம் அதில் லினக்ஸ் போட உட்கார்ந்தபோது, வைஃபை கார்டைக் காணோம் என்று திரை திரும்பத் திரும்பச் சொன்னது. உழவர்கரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணன் முஆஸுக்குப் போன் போட்டாள். அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளே லினக்ஸில் கிடையாது என்றான். "கழட்டி ஓரமா வச்சுடு. சாயங்காலம் வேற கார்டு கொண்டாறேன்."

கழற்றினாள். நெட் இல்லாமலே லினக்ஸ் ஏறி முடிந்தது. இப்போது இது.

குறியைச் சொடுக்கினாள். 'இணைக்கப்பட்டது' என்றது. எதோடு என்று பார்த்தால், பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. துண்டித்தாள். வளைவுகள் ஒவ்வொன்றாக அணைந்து, ஒரு மூச்சு விடும் நேரத்தில், மறுபடி ஒவ்வொன்றாக ஏறின. மறுபடியும் அண்ணனைக் கூப்பிட்டாள்; எடுக்கவில்லை. மழைக்காக ஜன்னல்களை அடைத்திருந்ததால் கூடத்தில் ஈரச் சுவரின் வாடையும், உள்ளறையில் முட்டி ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் உம்மாவின் தைல வாசனையும் ஒன்றாகக் கலந்து மூச்சை அடைத்தன. மின்விசிறி சுற்றுகிற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், யாரோ ஈரக் காலோடு மொசைக் தரையில் மெதுவாக நடப்பது போல, கேட்டது. காது கொடுத்தாள். நின்றுவிட்டது.

கேமராவின் பச்சை விளக்கு எரிந்தது.

கேமராவின் மேல் அவளே ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. ஆனால் திரையில் படம் விரிந்தது. அவள் முகம் இல்லை. கூடமும் இல்லை.

உள்ளறை. கட்டிலில் உம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே இருந்து, மிகப் பக்கத்தில் இருந்து, யாரோ குனிந்து பார்ப்பது போல. படம் இன்னும் கிட்டே போனது.

அஸ்ஃபியா உள்ளே ஓடினாள்.

யாரும் இல்லை. பீரோ, மருந்துப் பெட்டி, வாக்கர். கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள். உம்மாவின் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு சீராக வந்தது. போர்வையை இழுத்துவிட்டு, தலையை ஒருமுறை தடவிவிட்டு, கூடத்துக்கு வந்தாள். மடிக்கணினியின் மூடியை அறைந்து சாத்திவிட வேண்டும். அவ்வளவுதான்.

கை பாதியில் நின்றது.

திரையில் அவள் இன்னும் உள்ளறையில்தான் இருந்தாள். அதே சுடிதார். அதே பின்னல். குனிந்து, உம்மாவின் தலையைத் தடவிக்கொண்டு.

உள்ளிருந்து உம்மாவின் தூக்கக் குரல் வந்தது.

"அஸ்ஃபியா... கை ஏன்டி இவ்ளோ ஜில்லுனு இருக்கு?"

அவள் உள்ளறைக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

உள்ளறையிலிருந்து அவள் குரலே பதில் சொன்னது.

"இப்பத்தானே உள்ள வந்தேன், உம்மா."