சிகப்பியின் கூடை

தொண்ணூற்றொன்பது ஐப்பசி. மதியம் மூன்று மணி இருக்கும். மழையோடு மழையாக மானகிரியில் வயிரவன் அண்ணன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். என் பெயர் ஜோசப் ராஜ். காரைக்குடியில் கம்ப்யூட்டர் வேலை. அண்ணனின் பழம்பொருள் கடையை இன்டர்நெட்டில் ஏற்றிக் கொடுத்தவன் நான்தான்.

அதில் நானே மெச்சிக்கொண்ட வேலை ஒன்று உண்டு. கடைக்குள் வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கூடை. ஒருவர் கூடையில் எடுத்து வைத்த பொருள் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரருக்கு மட்டும் தெரியும். இருபது நிமிடம் யாரும் தொடாவிட்டால் கூடை காலியாகி, பொருள் கடைக்குத் திரும்பிவிடும். பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு!

"நாலு நாளா ஒரு கூடை காலியாக மாட்டேங்குதுய்யா. பித்தளைச் சாமான் ஒண்ணுகூட யாரு கண்ணுக்கும் தெரியலையாம். என்னத்தைச் செஞ்சு வச்சிருக்கே?" என்றார் அண்ணன்.

கூடையைத் திறந்தேன். நாற்பத்தொரு பொருள். எல்லாமே சிகப்பி ஆச்சியின் சீர்ச்சாமான்.

சிகப்பி, அண்ணனின் முதல் மனைவி. பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். அப்படிப் போனவளின் சீரைப் பிறந்த வீட்டுக்கே திருப்பிவிடுவது அவர்கள் வழக்கம். அண்ணன் திருப்பவில்லை. பெயர் வெட்டிய பக்கம் தெரியாமல் படமெடுக்கச் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் எடுத்தேன்.

"அனுப்பிருங்கண்ணே, எனக்குப் பயமா இருக்கு."

"போய்யா போக்கத்தவனே. அழி."

அழித்தேன். மறுபடி திறந்தேன்.

நாற்பத்திரண்டு.

கடைசிப் பொருளின் படம் நான் எடுத்ததில்லை. வயிரவன் அண்ணன். போட்டிருந்த அதே சட்டை, என் பக்கத்து நாற்காலி. எண்ணிக்கை: ஒன்று.

அந்த நேரம் பார்த்து சௌபர்ணிகா காபி கொண்டுவந்தாள். அண்ணன் போன தையில் கட்டிக்கொண்டவள். இப்போது வயிற்றில் ஏழு மாதம்.

"அவுக எங்குட்டுப் போனாகண்ணே? இப்பத்தானே பேச்சுக் கேட்டுச்சு?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அண்ணனும் சிரித்தார். "இந்தா இருக்கேன்ல!"

அவர் முகத்துக்கு நேரே குனிந்து, அவருக்குப் பின்னாலிருந்த ஜன்னலைச் சாத்தினாள்.

அண்ணனின் சிரிப்பு நின்றது. அவள் கையைப் பிடித்தார்.

"என்னமோ சில்லுங்குது," என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

இன்டர்நெட் கடையை நடத்துகிறவன் என்பதால் கூடைக்குள் போனவர் என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தாரோ என்னவோ. அண்ணன் என் காலையே பிடித்துவிட்டார். "அழிச்சிருடா ஜோசப்பு. சாமான் அம்புட்டையும் நாளைக்கே அனுப்பிடுறேன். என் புள்ள முகத்தை நான் பாக்கணும்டா. அது என்னையப் பாக்கணும்டா."

அழித்தேன். வந்தது.

அழித்தேன். வந்தது.

டெலிபோன் கம்பியைப் பிடுங்கினேன். அப்போதும் வந்தது.

கடைசியில் ஒன்று தோன்றியது. தொட்டால்தானே உயிரோடு இருக்கும்? தொடாமல் இருபது நிமிடம் இருந்துவிடுவோம். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தோம். கடைசியாகக் கை பட்ட நேரம் மேலே தெரியும்.

3:41.

3:42.

3:43.

நாங்கள் தொடவில்லை. யாரோ தொட்டுக்கொண்டே இருந்தார்கள். புளி போட்டுத் தேய்த்த பித்தளை வாசனை அறை முழுக்க ஏறியது. மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

பக்கம் தானாக மாறியது. பெறுபவர்: சிகப்பி. முகவரி: பிறந்த வீடு.

ஆர்டர் உறுதியானது.

திரும்பினேன். நாற்காலி காலி.

சாமான் அறைக்கு ஓடினேன். அலமாரித் தட்டுகளில் தூசியில் பதிந்த வட்டங்கள் மட்டும் இருந்தன. அந்தக் காலித் தட்டுகளுக்குள்ளிருந்து, எங்கோ ஆழத்திலிருந்து, அண்ணன் குரல்.

"சௌபர்ணிகா... ஏய் சௌபர்ணிகா... இந்தா இருக்கேன்டி..."

பின்னாலேயே வந்துவிட்ட சௌபர்ணிகா என் பக்கத்தில்தான் நின்றாள். அது அவள் காதில் விழவில்லை. விழவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பாவி நான், அவளிடம் என்னவென்று சொல்வேன்!

அதன் மேல் இன்னொரு குரல் மெதுவாக அதட்டியது. "பேசாம வாரீகளா?"

சௌபர்ணிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உள்ள யாருண்ணே அந்தப் பொம்பள?"