மஞ்சள் புள்ளி

பக்கத்து வீட்டுச் சுவர் தினமும் மதியம் இருபது நிமிடம் உறுமும். காரணம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்குமா? கத்தரிக்கோல் கேட்கிற சாக்கில் ஒரு நாள் உள்ளே நுழைந்துவிட்டேன்.

அந்த வீட்டில் தனியாக இருப்பவளுக்குத் தெருவில் கணினிக்காரி என்று பெயர். வைத்தது நான்தான். செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைத் தெளிவாக்குவது அவள் வேலை. கணவர் ஆற்றுமட்டம் அளப்பவராக இருந்தார். போன வருட வெள்ளத்தில் அளவு நிலையத்தின் கூரையில் ஏறி, மஞ்சள் மழைக்கோட்டை விரித்துப் போட்டுக் காத்திருந்தார். செயற்கைக்கோள் காலையிலேயே அதைப் படம் பிடித்துவிட்டது. இவளுடைய பழைய கணினிதான் அந்தப் படத்தோடு பதினொரு மணி நேரம் மல்லுக்கட்டியது. திரையில் மஞ்சள் புள்ளி தெரிந்தபோது அங்கே கூரையே இல்லை.

அப்புறம்தான் கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் சேர்த்தாளாம். படத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடுவாள். பிராசசர், கார்டு இரண்டில் எதன் கை ஒழிகிறதோ அது அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளும். பதினொரு மணி நேர வேலை இருபது நிமிடமாகச் சுருங்கிவிட்டது; சுவர் உறுமுவது அந்தக் கணினியின் விசிறியால்தான். கேட்காததையும் சொன்னாள். பேச ஆளில்லாத வீடு.

திரையில் ஒவ்வொரு துண்டுக்கு எதிரிலும் அதை முடித்தது எது என்று இருந்தது. பிராசசர். கார்டு. கார்டு.

ஒன்றுக்கு எதிரே மட்டும் வெறுமை.

"ரெண்டும் தொடறதுக்கு முன்னாடியே இது முடிஞ்சிருக்குக்கா," என்று முணுமுணுத்தாள். "தினம் ஒரு துண்டு இப்படி. அதுல ஒரு மஞ்சள் புள்ளி. முதல்ல ஆத்தங்கரை. அப்புறம் பாலம். நேத்து மார்க்கெட்."

"வயரை எலி கடிச்சிருக்கும்," என்றேன்.

வெளியே வெயில் கொளுத்தியது. அறைக்குள் வெள்ளச் சேற்று வாடை.

அவள் அந்தத் துண்டைத் திறந்தாள்.

எங்கள் தெரு. என் மாடியில் நான் காலையில் காயப்போட்ட போர்வைகள்.

அவள் மாடியில் மஞ்சள் புள்ளி.

"இப்பதான் வந்த படம். இருபது நிமிஷம்தான் ஆச்சு," என்றபடி படியேறி ஓடினாள். வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியாத நானும் பின்னாலேயே.

மாடியில் யாருமில்லை. சுடும் தரையில், கைகளை விரித்த ஒரு மழைக்கோட்டின் அளவுக்கு மட்டும் ஈரம். அவள் அதில் உள்ளங்கையை வைத்தாள்.

"இருபது நிமிஷமும் ஜாஸ்திதான் போலிருக்குக்கா."

அது நடந்து சில நாளாகிறது. நேற்று மதியம் தெருவில் மின்சாரம் இல்லை. அவள் என் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சுவர் உறுமியது.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நின்றுவிட்டது.

அதற்குள் அவள் செருப்பைக்கூட மாட்டாமல் தன் மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.