ஏலத்துக்குப் போன கூட்டுப்புழு

எலுமிச்சைத் தளிரில் கடுகைவிடச் சிறிய மஞ்சள் முட்டை ஒன்றை ஜெஸ்மி பார்த்த நாளிலிருந்து, அந்தத் தொட்டிச் செடியில் ஓர் இலைகூடக் கிள்ள அவள் யாரையும் விடவில்லை.

நான்காம் நாள் முட்டையிலிருந்து புழு வந்தது. முதல் வேலையாகத் தன் முட்டை ஓட்டையே தின்றது. பிறகு இலையைத் தின்றது. பார்ப்பதற்குக் காக்கை எச்சம் மாதிரியே இருந்தது. சில நாளில் பச்சைச் சட்டைக்கு மாறியது. ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி, நாற்றமும் விட்டது. எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதினாள் ஜெஸ்மி.

"ஏட்டி, புழுவுக்கு டீச்சர் ஆயிட்டியா?" என்று கேட்டான் வகுப்புத் தோழன் பெனின். அவன் அப்பா ஜாஸ்பர் புதுக்கடை சந்திப்பில் பேக்கரி வைத்திருக்கிறார்.

"ஆமா. அது உன்னவிட நல்லாப் படிக்குது."

ஒருநாள் புழு தின்பதை நிறுத்தியது. அடித்தண்டில் ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டிக்கொண்டது. மறுநாள் பார்த்தால் பச்சைக் கூடாகத் தொங்கியது.

சனிக்கிழமை காலையில் அம்மா எலிசா தொட்டியைத் துடைக்க வந்தார்.

"நாளைக்கு ஸ்தோத்திரப் பண்டிகைல்லா? இந்தச் செடியத்தான் கொடுக்கப் போறோம் மக்கா."

வீட்டில் விளைந்த வாழைக்குலை, சேனை, தேங்காய், கோழி எல்லாவற்றையும் அன்று நன்றிக் காணிக்கையாகச் சபைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். செடி யார் வீட்டுக்குப் போகுமோ, யாருக்குத் தெரியும்?

"அம்மா, இன்னும் நாலு நாள்தான். வண்ணத்துப்பூச்சி வெளிய வந்திரும்."

"லிஸ்டுல பேரு எழுதியாச்சு. சொன்ன வாக்கை மாத்தப்படாது. அந்தக் கூட்டப் பிச்சுப் போடு. புழு இருக்க செடிய யாரு ஏலம் கேப்பா?"

பிய்த்தால் அது செத்துவிடும். சொல்லாமல் கொடுத்தால், வாங்குகிறவர் பார்த்ததும் மருந்து அடித்துவிடுவார். ஜெஸ்மி மதியம்வரை யோசித்தாள். பிறகு ஒரு தாள் எடுத்து எழுதி, தொட்டியில் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்திருந்தவர் சபைச் செயலாளர் ஞானசிங்.

"அடுத்தது எலுமிச்சை. இலையெல்லாம் ஓட்ட போட்டிருக்கு. காத்து நல்லா வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது தாள் அவர் கண்ணில் பட்டது. சத்தமாகவே வாசித்தார்.

"வாங்குகிறவருக்கு வணக்கம். ஒன்று, தண்டில் ஒரு கூட்டுப்புழு இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு, அது இனி இலை தின்னாது. மூன்று, மருந்து அடிக்க வேண்டாம். நான்கு, கூட்டுக்குள் இறக்கையின் நிறம் தெரிந்தால் உடனே கூப்பிடுங்கள். முட்டையிலிருந்து பார்த்துவருகிறேன். கடைசியை மட்டும் பார்க்கவில்லை. எங்கள் போன் நம்பர் கீழே."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அம்பது ரூவா. யாரு கேக்கியோ?"

யாரும் கேட்கவில்லை.

"நூறு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெனின் நாற்காலிமேல் ஏறி நின்றான்.

"ஏலே, ரூவா யாரு தருவா?" என்றார் ஜாஸ்பர்.

"நீங்கதான்."

கோயிலே சிரித்தது. ஜெஸ்மிக்குச் சிரிப்பு வரவில்லை. தும்பி வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுகிறவன் ஆயிற்றே இவன்?

ஆனாலும் செடி இனி அவனுடையது. அவள் நோட்டை எடுத்து நீட்டினாள்.

"என்னென்ன பாக்கணும்னு இதுல இருக்கு. தொடாம பாக்கணும், கேட்டியா?"

"எனக்குத் தெரியாதாக்கும்" என்று முறுக்கிக்கொண்டாலும், பெனின் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்து, கல் தடுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தான்.

புதன்கிழமை விடிந்ததும் அம்மாவின் போன் அடித்தது.

"ஏட்டி, கூடு கண்ணாடி மாதிரி ஆயிட்டு. உள்ள கறுப்பும் மஞ்சளும் தெரியுது. ஓடி வா."

ஜெஸ்மி பல்கூட விளக்காமல் ஓடினாள். பேக்கரிக்குப் பின்னால் தொட்டியைச் சுற்றிப் பெனினும் ஜாஸ்பரும் குத்தவைத்திருந்தார்கள்.

கூடு மெல்ல விரிந்தது. முதலில் தலை, பிறகு கால்கள், பிறகு ஈரமான உடம்பு வெளியே வந்தன. இறக்கைகள் கசக்கிப்போட்ட கைக்குட்டைபோல் சுருங்கிக் கிடந்தன.

"பறக்காதா?" என்று கேட்டான் பெனின். அவன் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன.

"இறக்கை விரியணும். பொறுமையாப் பாரு."

சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கறுப்பில் மஞ்சள் புள்ளிகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. மூன்று பேரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்கள்.

முன்பக்கம் ஷட்டரை யாரோ தட்டினார்கள். "ஜாஸ்பர் அண்ணே, ரொட்டி வேணும். நேரமாச்சு."

"அப்பா, கடை தொறக்கலியா?" என்று கேட்டான் பெனின்.

ஜாஸ்பர் திரும்பவே இல்லை. "சும்மா இரி மக்கா. இறக்கை இன்னும் காயலேல்லா" என்றார்.