கோடவுன் லைனில் எக்கோ

கோடவுன் போனிலிருந்து வந்த குரல் சரவணக்குமாருடையது. அந்த நேரத்தில் அவனோ மாடி ஆபீசில், சித்ரகலாவின் மேஜையருகே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, ஷட்டரைத் தொறந்து உடுங்க," என்றது ஸ்பீக்கர். பிறகு ஒரு இருமல்.

சித்ரகலாவின் முகம் வெளுத்துவிட்டது. அவன் சிரித்து வைத்தான்.

"எக்கோங்க அது. கேமராப் படமும் பேச்சும் ஒரே கேபிள்ல போகுதில்லீங்க, நெரிசல்ல பேச்சு எங்கியாவது சுத்தீட்டு வரும். இனி இப்படி வந்தா போனை வெச்சுருங்க."

நெட் போனுக்குத் தனி வழி வேண்டும், பேச்சு கடுகளவும் தாமதிக்கக்கூடாது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாததல்ல. அருள்புரத்தின் இந்தப் பனியன் கம்பெனியில் போன் மாட்டும்போது, ஓனர் தீனதயாளனிடம் நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டு, பழைய கேபிளே போதும் என்று வாயை விட்டவன் அவன்தான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம். ஆனால் இந்தப் பயம் வேறு. சொன்ன சொல்தானே எக்கோவாகத் திரும்பும்? அந்தச் சொல்லை அவன் இதுவரை சொன்னதே இல்லை.

குரல் தினமும் வந்தது. பூட்டிய ஷட்டருக்குப் பின்னால், ஆளே இல்லாத கோடவுனிலிருந்து. ஆபீசுக்குப் பழகிப்போயிற்று. "எக்கோ இல்லீங்க, நாந்தானுங்க" என்று அது கெஞ்சிய நாளில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், வேறென்ன செய்வான்.

தீனதயாளன் சிரிக்கவில்லை. "இன்னைக்குச் சரி பண்ணீரு கண்ணு. இல்லீன்னா நாளைக்கு வர வேண்டாம்."

மத்தியானம் கோடவுனுக்கு இறங்கினான். கீழ்த்தளத்தில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. அதற்காகத்தான் அங்கே நெட் போன். கூரைவரை அடுக்கிய துணி ரோல்களுக்கிடையே சாய வாடையும், நமுத்த அட்டைப்பெட்டிகளின் புளித்த வாடையும், அவற்றுக்கடியில் ஏதோ மெல்லக் கருகும் வாடையும் கலந்து வர, சுவருக்குள் எண்ணெயில் கடுகு பொரிவதைப் போன்ற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டபடி அவன் கேபிளைத் தடவிக்கொண்டே உள்ளே போனான்.

பட்டென்று விளக்கு அணைந்தது.

இருட்டைப் பார்த்த வாட்ச்மேன் அய்யாசாமி ஆளில்லை என்று நினைத்திருக்க வேண்டும். ஷட்டர் கடகடவென்று இறங்கியது. பூட்டு விழுந்தது. அவன் கத்தினான். ரோல்கள் அத்தனை சத்தத்தையும் குடித்துவிட்டன.

பின்னால் சிவப்பாக ஏதோ அசைந்தது. புகை. கண் எரிந்தது.

போனுக்குக் கரண்ட் மாடி யூபிஎஸ்ஸிலிருந்து கேபிள் வழியாக வரும். அதன் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. தவழ்ந்து போய் எடுத்தான். ஆபீஸ் நம்பரை அழுத்தினான்.

மாடியில் எடுத்தார்கள்.

"ஏனுங்க, ஷட்டரைத் தொறந்து உடுங்க."

இருமினான். அதே இருமல்.

"வந்துருச்சுங்க சார்!" சித்ரகலா சிரித்தாள்.

தீ என்று சொல்லப் பார்த்தான். வரவில்லை. வாய் வேறொன்றைச் சொன்னது.

"எக்கோ இல்லீங்க, நாந்தானுங்க!"

மாடியில் பெருஞ்சிரிப்பு. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். டிபன் பாக்ஸ்கள் திறக்கும் சத்தம் வந்தது.

"இன்னைக்கு எத்தனை தெளிவாக் கேக்குது," என்றார் தீனதயாளன். "சரவணன் சரி பண்ணிப்போட்டானாட்ட இருக்குது."

அவன் அலறினான்.

இந்த முறை யாரும் போனை வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.