தொண்ணூறு மில்லி

தொண்ணூறு மில்லி பால் கலந்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, புட்டியை எடுத்துக்கொண்டு கெலெபோன்யே அறைக்குள் வந்தபோது குழந்தையின் வாயோரத்தில் ஏற்கெனவே பால் இருந்தது.

முன்பு குடித்த பாலின் மிச்சம் என்று நினைத்துத் துடைத்தாள். விரலில் வெதுவெதுப்பாக ஒட்டியது. கடைசியாகப் பால் கொடுத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

மழை இன்னும் எட்டிப்பார்க்காத அக்டோபர் மாதத்துப் பகல் அது. தகரக் கூரை வெயிலில் விரிந்து டக், டக்கென்று சத்தம் போட்டது. மஹலாப்யே ஊரை இரண்டாகப் பிளந்து போகும் தண்டவாளத்தில் நிலக்கரி வண்டி ஒன்று நெடுநேரம் கடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஆட்டுப் புழுக்கையின் வாடையும் சுடுமணலின் வாடையும் கலந்து வந்தன. பிள்ளை பெற்ற வீடு என்பதற்கு அடையாளமாக வாசலில் குறுக்கே போட்ட மரக்கட்டை அப்படியே கிடந்தது. அதைத் தாண்டி யாரும் உள்ளே வரமாட்டார்கள். உள்ளே பிள்ளை இருந்தது. பெற்றவள்தான் இல்லை.

அவள் கெலெபோன்யேயின் தங்கை சேதுன்யா. பிள்ளை பிறந்த பதினோராம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். கடைசி நாள் ஆஸ்பத்திரியில், குழந்தையைக் கொஞ்சம் மாரில் போடும்படி அக்காவிடம் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு தடவ, அக்கா. பால் கட்டிக் கல்லா கெடக்கு. வலி தாங்கல."

மருந்து பாலில் இறங்கிவிடும், நாளைக்குப் பார்க்கலாம் என்று கெலெபோன்யே சொன்னாள். மருந்து இறங்குமா என்று டாக்டரிடம் அவள் கேட்கவேயில்லை. மறுநாள் உடலைக் குளிப்பாட்டிய பெண்கள், துடைக்கத் துடைக்க மாரிலிருந்து பால் கசிந்துகொண்டே இருக்கிறது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கெலெபோன்யே குழந்தையை மடியில் பாதி நிமிர்த்திப் பிடித்து, காற்றுப் புகாதபடி காம்பு முழுக்கப் பால் நிறையும் அளவுக்குப் புட்டியைச் சாய்த்தாள். குழந்தை ஒட்டெங் உதட்டை இறுக்கிக்கொண்டான். முகத்தைத் திருப்பினான். நயந்து நயந்து முப்பது மில்லி இறங்கியது. மிச்சத்தைக் கீழே ஊற்றினாள். குழந்தை முகத்தைத் திருப்பினால் விட்டுவிட வேண்டும் என்பது கிளினிக் நர்ஸ் மா-தித்திரோவின் கண்டிப்பான உத்தரவு.

அரை மணி நேரத்தில் அழுகை. வயிறு முரசுபோல் உப்பியிருந்தது. அவன் கால்களை மாற்றி மாற்றி மடக்கி நீட்டினாள். தொப்புளைச் சுற்றி உள்ளங்கையால் மெல்ல நீவினாள். அவன் கக்கினான். துணி நனைந்து, அவள் பாவாடை நனைந்து, பாய் நனைந்தது. முப்பது மில்லி அல்ல அது. டின் பால்மாவின் வாடையும் அல்ல. இனிப்பாக, உடம்பின் சூட்டோடு ஒரு வாடை.

அந்த வாரம் முழுக்க இப்படியேதான். புட்டிப் பால் இருபதானது, பத்தானது. வியாழக்கிழமை கிளினிக்கில் எடை போட்டபோது, போன வாரத்தைவிட ஒரு கிலோ கூடியிருந்தான். மா-தித்திரோ அவனை எடுத்துவிட்டுத் தராசைச் சரிபார்த்து, மறுபடியும் கிடத்தினாள். அதே எடை.

"மூணு மணிக்கொரு தடவ தொண்ணூறுன்னு சொன்னேன். நீ எவ்வளவு ஊத்துற?"

"பத்து, மா. சில சமயம் அதுவும் எறங்கல."

நர்ஸ் அவளைப் பொய்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "தாயில்லாத புள்ளைன்னு பாவம் பாத்துத் திணிக்காத. வயிறு கொள்ளாட்டி நெஞ்சுக்கு ஏறும். மூச்சு முட்டிச் செத்துப்போகும். நான் பாத்திருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும், யாராவது வந்து பால் கொடுத்துப் போனால் தடம் தெரியட்டும் என்று முற்றத்து மணலைச் சீராகப் பெருக்கிவைத்தாள். மறுநாள் நண்பகலில் போய்ப் பார்த்தாள். கோழிக்கால் தடம்கூட இல்லை. குழந்தையின் தாடையில் பால் வழிந்திருந்தது.

அன்று அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஜன்னலைச் சாத்தினாள். கதவைத் தாழிட்டாள். கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, தூங்கும் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகர இடுக்கில் வந்த வெயில் சுவரில் கோடாக விழுந்து மெல்ல நகர்ந்தது. அறைக்குள் அந்த இனிப்பு வாடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. முதலில் துணியிலிருந்து வருவதுபோலவும், பிறகு சுவரிலிருந்து வருவதுபோலவும், பிறகு தன் முகத்துக்கு வெகு பக்கத்திலிருந்து வருவதுபோலவும் அவளுக்குத் தோன்றியது.

குழந்தையின் உதடு அசைந்தது. தூக்கத்தில் எல்லாக் குழந்தைகளும் சப்பும். அது அவளுக்குத் தெரியும்.

தொண்டை அசைந்தது.

களக். களக்.

அவன் விழுங்கிக்கொண்டிருந்தான். கன்னம் குழிந்து, நிறைந்து, குழிந்தது. உதடு வட்டமாகத் திறந்து எதையோ கவ்வியிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. வாயோரத்தில் வெள்ளையாக ஒரு கோடு இறங்கிக் காதுக்குள் போனது. வயிறு துணியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது.

அவள் பாய்ந்து அவனைத் தூக்கினாள். ஏதோ இழுத்தது. 'பக்' என்ற சின்னச் சத்தத்துடன் அவன் வாய் விடுபட்டது.

அவன் வீறிட்டான். முகம் கறுத்தது. தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். தட்டத் தட்ட ஏப்பம் வரவில்லை. அழுகை தேய்ந்து முக்கலாகி, அந்த முக்கலும் நின்று நின்று வந்தது.

"சேது, போதும்டி," என்றாள் வெற்று அறையிடம். "அன்னைக்கு நான் பண்ணது தப்புதான். என்னை என்ன வேணா செய். புள்ள வயிறு தாங்காது."

சத்தம் நின்றது. கூரைகூட டக்கென்று சொல்லவில்லை.

அவள் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டுக்கு நடுவே இன்னொரு தட்டு கேட்டது. மெதுவாக. ஈரக்கை தட்டுவதுபோல்.

அவள் நிறுத்தினாள்.

அது நிற்கவில்லை.

அவள் தோளிலிருந்த கனம் குறைந்தது. கைகளில் இருந்ததும் குறைந்தது. விரல்கள் மரத்து, முழங்கை மரத்து, இரண்டு கைகளும் தானாகக் கீழே இறங்கின.

குழந்தை விழவில்லை.

அவள் முகத்துக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில், தலை சாயாமல் நிமிர்ந்திருந்தான். தட்டு விழுந்துகொண்டே இருந்தது. ஒரு பெரிய ஏப்பம் வந்தது. முகத்தின் கறுப்பு இறங்கியது. அவன் சிரித்தான்.

பிறகு மெல்ல, மிகப் பதமாக, அவன் உடல் பக்கவாட்டில் சாய்ந்தது. முழங்கை மடிப்பில் தலை பொருந்துவதுபோல் காற்றில் பொருந்தியது. சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

குழந்தை வாயைத் திறந்தான்.

களக். களக். களக்.